சாம்பிளில் ஒரு வாசனை, பாட்டிலில் வேறு வாசனை: ரோஜா-ஊத்-கஸ்தூரி அத்தர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

இன்று காலையில் அத்தர் விற்றவரிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "திரும்ப அனுப்பும் கெடு முடிந்துவிட்டது." அதற்கு நான் பதில் எழுதும் முன்பே என் எண்ணை முடக்கிவிட்டார்கள். போனது அரை மாதச் சம்பளம். 12 மில்லி அத்தருக்கு அரை மாதச் சம்பளமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

விற்றவர் சமூக வலைதளத்தில் மட்டும் கடை நடத்துகிறவர். தானே கையால் கலப்பதாகச் சொல்வார். முதலில் காசு வாங்காமல் அரை மில்லி சாம்பிள் அனுப்பினார். நான் விழுந்தது அங்கேதான். மணிக்கட்டில் தொட்டு வைத்ததும் ரோஜா, அதுவும் சோப்பு ரோஜா இல்லை, லேசாகத் தேனும் மிளகும் கலந்தது போன்ற ரோஜா. அரை மணி நேரம் கழித்து அதன் அடியிலிருந்து ஊத், அதாவது அகில் வாசனை, எழுந்தது. கொஞ்சம் தோல் பை வாடை, கொஞ்சம் புகை. மறுநாள் சட்டைக் கையில் கஸ்தூரி மட்டும் மென்மையாகத் தங்கியிருந்தது. அன்றே பணம் அனுப்பினேன்.

ஆள் பேசவும் தெரிந்தவர். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும் என்றார். ஊத் என்பது நம் அகில்தான், மரத்தைப் பூஞ்சை தாக்கினால்தான் அந்தப் பிசின் ஊறும், நோய் படாத மரம் வெறும் வெளிறிய கட்டை என்றார். எல்லாம் உண்மை. அந்த உண்மைகளுக்கு நடுவே, "நம்முடையது அசல் மான் கஸ்தூரி" என்று ஒன்றைச் செருகினார். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். மான் கஸ்தூரி வணிகத்துக்கு உலகம் முழுக்கக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. 1888-இல் வெடிமருந்து ஆய்வில் இருந்த ஆல்பர்ட் பவுர் என்ற வேதியியலாளரிடம் செயற்கைக் கஸ்தூரி தற்செயலாகச் சிக்கியது. இன்று கடைகளில் நாம் முகர்வது அனேகமாக அப்படி ஆய்வகத்தில் பிறந்த கஸ்தூரிதான். அதில் தப்பே இல்லை. அதை அசல் என்று சொல்லி அரை மாதச் சம்பளம் பிடுங்குவதுதான் தப்பு.

பெரிய பாட்டில் வந்தது. திறந்தால் சோப்பு. இரண்டு மணி நேரத்தில் அதுவும் போய், பிளாஸ்டிக் போல ஒரு தித்திப்பு மட்டும் மிச்சம். ஊத் எங்கே என்று கேட்டேன்.

"வழியில் குலுங்கியிருக்கும், மூன்று நாள் விடுங்கள்." விட்டேன். "உங்கள் தோல் அப்படி." சாம்பிள் போட்டபோதும் இதே தோல்தானே ஐயா! அப்புறம், "சிலர் மூக்குக்குக் கஸ்தூரி எட்டாது." சில வகைக் கஸ்தூரியைச் சிலரால் முகர முடியாது என்பதும் உண்மைதான், அதனால்தான் இன்னும் எரிகிறது. சரி, ஊத் வாசனையுமா எட்டாது? கடைசியாக, "40 நாள் இருட்டில் வையுங்கள், பழுத்து வரும்" என்றார். மடையன் போல அலமாரியில் வைத்தேன். 41-ஆம் நாள் எழுதியபோதுதான் திரும்ப அனுப்பும் கெடு 15 நாள் என்பதே வெளியே வந்தது. பழுத்தது அத்தர் இல்லை, அவர் போட்ட கணக்கு.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சாம்பிளில் பாதியை மூடி வையுங்கள், பாட்டில் வந்த அன்றே இரண்டையும் தனித்தனிக் காகிதத் துண்டில் தொட்டு மறுநாள் வரை பாருங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திரும்ப அனுப்பும் கெடுவைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். "பழுக்கட்டும்" என்று யாராவது சொன்னால் அன்றே திருப்பி அனுப்புங்கள். மான் கஸ்தூரி என்றால் ஓடுங்கள்.

நேற்று இரவு அதே பாட்டில் படங்களோடு வேறு பெயரில் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. மேலே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்: "சாம்பிள் இலவசம்."