முப்பது கோப்ளின், ஒத்த ஜிஎம்: கும்பல் சண்டைய வருஷக்கணக்கா ஓட்டிப் பாத்ததுல தேறுனது எது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற ரோல்பிளே கேமோட (ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்து டைஸ் உருட்டி ஆடுறது) ஐஞ்சாம் எடிஷன், 2014 புத்தகத்துல வர்ற சாதா கோப்ளினுக்கு (குட்டி அரக்கன்) ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 7, ஏசி (அடி விழ எதிராளி எட்ட வேண்டிய எண்) 15, அடிக்க டைஸோட கூட்டிக்கறது +4, டேமேஜ் சராசரியா 5, அவ்ளோ தான். ஒத்தையா வந்தா யாரும் கண்டுக்கக்கூட மாட்டாங்க. இதையே இருபது முப்பதா இறக்கிவிட்டா பிளேயருங்க கதி என்ன ஆகுதோ இல்லையோ, கதையையும் எதிரிங்களையும் ஓட்டுற ஜிஎம் கதி அதோகதி. ஒவ்வொண்ணையும் நகத்தணும், டைஸ் உருட்டணும், எதுக்கு எவ்ளோ ஹெச்பி மிச்சம்னு பேப்பர்ல கிறுக்கணும், இதெல்லாம் முடியுறதுக்குள்ள விஸார்ட் (மந்திரவாதி) ஆடுறவர் ஃபோன கைல எடுத்திருப்பார். அதனால நான் எந்த ரூலையும் ஒரே கணக்குல தான் பாக்குறது: ஒருத்தர் டர்ன் முடிஞ்சு திரும்ப அவருக்கே வர எவ்ளோ நேரம் ஆகுது?

டேமேஜ் உருட்டாம சராசரிய எடுத்துக்கறது, மொத்த கும்பலுக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (யார் டர்ன் எப்போன்னு சொல்ற எண்), இது ரெண்டும் பேசவே தேவையில்ல, கண்ண மூடிட்டு பண்ணுங்க.

அடுத்து அதே 2014 செட்டோட டிஎம் கைடுல (ஜிஎம்முக்கான புத்தகம்) இருக்க கும்பல் டேபிள். ஏசில இருந்து அட்டாக் போனஸ கழிச்சா டி20ல (இருபது பக்க டைஸ்) எவ்ளோ விழணும்னு வரும், அதுக்கு நேரா எத்தன பேர் சேந்து அடிச்சா ஒரு அடி விழும்னு போட்டிருக்கும். 6ல இருந்து 12 வரைக்கும்னா ரெண்டு பேருக்கு ஒண்ணு, 13, 14னா மூணு பேருக்கு ஒண்ணு. ஏசி 18 உள்ள ஃபைட்டர எட்டு கோப்ளின் சூழ்ந்தா 14 வேணும், ஆக ரெண்டு அடி, 10 டேமேஜ், டைஸே தொடாம பத்து செகண்ட்ல முடிஞ்சுது. வேகத்துல இத மிஞ்ச எதுவும் இல்ல. ஆனா இதே எட்டும் ஏசி 12 இருக்க விஸார்ட் மேல பாயட்டும், 8 விழுந்தா போதும், நாலு அடி, 20 டேமேஜ். மூணாவது லெவல் விஸார்டுக்கு கான்ஸ்டிடியூஷன் (உடம்பு வலு) 14 இருந்தா மொத்த ஹெச்பியே சராசரியா 20 தான்! ஆள் காலி. எங்க ஆட்டத்துல இது நடந்தப்போ விஸார்ட் ஆடுனவர் கேட்டார், "ஒரு டைஸ் கூட உருளல, அதுக்குள்ள நான் விழுந்துட்டேனா?" நியாயமான கேள்வி தான. இத்தனைக்கும் உருட்டியிருந்தா சராசரியா ஐஞ்சு அடி விழுந்திருக்கும், டேபிள் கொஞ்சம் கருணையோட தான் இருக்கு, ஆனா கண்ணு முன்னாடி டைஸ் உருண்டு செத்தா விதின்னு ஏத்துப்பாங்க, கணக்கு போட்டு சாவடிச்சா ஒத்துக்க மாட்டாங்க. இப்போ நான் இந்த டேபிள எடுக்குறது நல்லா கவசம் போட்ட ஆளுங்களுக்கும், கூட நிக்கிற காவலாளிங்க மாதிரி என்பிசிகளுக்கும் (ஜிஎம் ஆட்டுற ஆளுங்க) மட்டும் தான். மத்தவங்க மேல பாஞ்சா கைநிறைய டி20 எடுத்து ஒரே வீச்சுல உருட்டிடுவேன்.

2008ல வந்த நாலாம் எடிஷன்ல மினியன்னு ஒரு வகை, ஹெச்பி ஒண்ணே ஒண்ணு, டேமேஜ் ஃபிக்ஸ்டு, குறி தப்புன அட்டாக்ல கொஞ்சம் டேமேஜ் போகும்னு இருந்தா கூட அது மினியன தொடாது. கணக்கு வழக்கே இல்ல, அந்த வகைல சொர்க்கம். சிக்கல் எங்கன்னா எது மினியன்னு பிளேயருங்க சட்டுனு மோப்பம் புடிச்சிருவாங்க, அப்புறம் பெரிய பவர் எதையும் அது மேல செலவு பண்ணவே மாட்டாங்க. ஒரே மாதிரி டோக்கன கலந்து வெச்சா ஒரு ரவுண்டு தாங்கும்.

திரும்ப ஐஞ்சாம் எடிஷனுக்கு வந்தா, ஃபைட்டர் ஆடுறவங்களுக்கு ரொம்ப புடிச்சது 2014 டிஎம் கைடுல வர்ற, வெட்டுனதுல மிச்சம் பக்கத்து ஆளுக்கு பாயுற ஆப்ஷனல் ரூல். 11 டேமேஜ் போட்டா ஒரு கோப்ளின் சாஞ்சு மிச்சம் 4 அடுத்ததுக்கு போகும். ஆனா இதுல ஒரு நச்சு இருக்கு, முதல்ல விழுறது முழு ஹெச்பில இருந்திருக்கணும்னு கண்டிஷன். இப்போ அந்த ரெண்டாவது 3 ஹெச்பில நிக்குதுல்ல, அடுத்த வெட்டு திரும்ப 11 அது மேல விழுந்தா மிச்ச 8ம் வீண். நாங்க அந்த கண்டிஷன தூக்கிட்டோம், ஒண்ணும் குடி முழுகல. 13த் ஏஜ் கேம்ல மூக்னு சொல்ற சில்லறைங்களுக்கு மிச்சம் பாயுறது தான் ரூலே.

சேவேஜ் வேர்ல்ட்ஸ்னு இன்னொரு ரோல்பிளே கேம், அது இந்த விஷயத்துல தனி ரகம். அங்க பெயரில்லாத ஆளுங்க எல்லாம் எக்ஸ்ட்ரா, ஒரு காயம் பட்டா அவுட்டு. நிக்குறான், ஆடிப்போயிட்டான், இல்ல டேபிள்லயே இல்ல, நிலைமையே மூணு தான், டோக்கன சாய்ச்சு வெச்சா போதும், பேப்பர் வேணாம். சுத்தி நின்னு அடிச்சா கூட சேர்ற ஒவ்வொரு ஆளுக்கும் +1னு +4 வரைக்கும் போனஸ் ஏறுறதால சில்லறைங்களுக்கும் ஒரு மரியாதை வருது. கும்பல் சண்டை தான் முக்கியம்னு ஒரு கதை ஓட்டுறதா இருந்தா நான் நேரா இதுக்கு தான் போவேன்.

ஆனா எந்த கேம் ஆனாலும் நான் இன்னிக்கு வரைக்கும் விடாம வெச்சிருக்கறது 1981 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் ரூல்ஸ்ல வந்த மொராலு (எதிரிங்களோட மன தைரியம்) தான். முதல் ஆள் செத்தப்போ ஒரு தடவ, பாதி கும்பல் விழுந்தப்போ ஒரு தடவ, 2டி6 (ரெண்டு ஆறு பக்க டைஸ்) உருட்டணும், மொரால் நம்பர தாண்டிருச்சுன்னா ஓட்டம். கோப்ளினுக்கு 7, அதுவே ராஜா கூட நின்னா 9. ராஜாவ முதல்ல சாய்க்கலாம்னு பிளேயருங்களுக்கு தானா ஒரு திட்டம் வந்துடும். பல தடவ முப்பதுல பதினைஞ்ச மட்டும் வெட்டுனா போதும்னு ஆயிடுது, மிச்சத்த ஒவ்வொண்ணா தேடிப் புடிச்சு குத்துற அந்த போர் அடிக்கிற கடைசி முக்கா மணி நேரமே இல்ல. ஓடுனதுங்க வேற எங்கயாவது போய் சொல்லிடுமேன்னு துரத்திட்டு போவாங்க பாருங்க, அது இன்னும் நல்ல சண்டை.

ஃபயர்பால் (ஒரு வட்டத்துக்குள்ள இருக்க எல்லாரையும் எரிக்கிற ஸ்பெல்) பத்தி கேப்பீங்க. ஐஞ்சாம் லெவல் ஆளுங்க நாலு பேருக்கு இருபது கோப்ளின் விட்டா 2014 கணக்குப்படி அது ஹார்டு சண்டை, சண்டையோட கஷ்டத்த அளக்குற எக்ஸ்பி புள்ளிய, எண்ணிக்கை அதிகம்னு நாலு மடங்கு பெருக்கி 4000 வருது. நடக்குறது என்னன்னா 20 அடி ரேடியஸ், சராசரி 28 டேமேஜ், சேவ் பண்ணா (தப்பிக்க டைஸ் உருட்டி ஜெயிச்சா) கூட 14, ஹெச்பியோ 7. கூட்டமா நிறுத்துனா ஒரே ஸ்பெல்லுல சுடுகாடு. அதுக்காக ஃபயர்பாலுக்கு தடை போடுறதெல்லாம் அநியாயம், அத வாங்குறதுக்கு தான அவர் ஐஞ்சாம் லெவல் வரைக்கும் காத்திருந்தார். எட்டு முன்னாடி, ஆறு கூரை மேல வில்லோட, மிச்சம் ரெண்டு ரவுண்டு கழிச்சு பின்பக்கமா வரட்டும். ஃபயர்பால் போட வேண்டிய மூணாவது லெவல் ஸ்பெல் ஸ்லாட் (ஸ்பெல் போடுற வாய்ப்பு) அவருக்கு ரெண்டு தான், எங்க போடுறதுன்னு அவரே தலைய சொறியட்டும்.