ஊலெஃபோஸ் முதல் லுண்டெ வரை: டெலிமார்க் கால்வாய்ப் படகுப் பயணம், ஒரு மதிப்பீடு

நார்வேயின் தென்கிழக்கில் உள்ள டெலிமார்க் கால்வாயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஷீயென் நகரில் தொடங்கி மலையடிவாரத்து டாலென் வரை செல்லும் 105 கிலோமீட்டர் முழுப் பயணத்தையே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. அந்த நீண்ட வழியின் பெரும்பகுதி ஏரிப் பயணம். இரு கரையிலும் காடு, நடுவில் அகன்ற நீர்ப்பரப்பு என்று மணிக்கணக்கில் ஒரே காட்சிதான் கண்ணில் படும். கால்வாய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலைப்பாடு எல்லாம் நோர்ஷோ ஏரியையும் ஃப்ளோவாட்ன் ஏரியையும் இணைக்கும் ஐட்செல்வா என்ற சிறிய ஆற்றில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த மதிப்பீடு அந்த ஆற்றுப் பகுதியையும், அதன் கரையில் உள்ள ஊலெஃபோஸ், லுண்டெ ஆகிய இரண்டு ஊர்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

கணக்கைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். கடல்மட்டத்திலிருந்து மேல் ஏரிகள் வரை படகு ஏற வேண்டிய மொத்த உயரம் 72 மீட்டர். அதற்காக எட்டு இடங்களில் மதகுகளும், அவற்றில் படகை உள்ளே விட்டுக் கதவடைத்து நீரை நிரப்பி உயர்த்தும் அறைகள் மொத்தம் 18-உம் கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றில் ஆறு இடங்களும் 14 அறைகளும் ஐட்செல்வாவில்தான் இருக்கின்றன. 72 மீட்டரில் 57 மீட்டரை இந்த ஓர் ஆறே ஏற்றிவிடுகிறது. கீழிருந்து வரிசையாகச் சொன்னால் ஊலெஃபோஸில் மூன்று அறைகள், ஐட்ஸ்ஃபோஸில் இரண்டு, வ்ராங்ஃபோஸில் ஐந்து, லுண்டெயிலும் ஷெல்டாலிலும் ஒவ்வொன்று, ஹொக்காவில் இரண்டு. ஷீயெனிலிருந்து நோர்ஷோ வரையிலான கீழ்ப்பகுதி 1861-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்த ஆற்றின் அருவிகளை வெல்வதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்நூறு பேர் ஐந்தாண்டுகள் பாறையை உடைத்துக் கட்டிய மேல்பகுதி 1892-இல் திறந்தபோது, உலகின் எட்டாவது அதிசயம் என்று அதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அது மிகைதான் என்றாலும், வ்ராங்ஃபோஸின் அடியில் நின்று மேலே பார்க்கும் எவருக்கும் அந்த மிகைக்கான காரணம் புரிந்துவிடும்.

கோடைக்காலத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளில் பழையது 'விக்டோரியா'. 1882-இல் கட்டப்பட்ட இந்தப் படகு, தான் இன்று ஏறி இறங்கும் மேல்பகுதி மதகுகளைவிடப் பத்து வயது மூத்தது. நீராவியில் ஓடிய காலம் போய் இப்போது டீசலில் ஓடுகிறது. 'ஹென்ரிக் இப்சன்' என்ற மற்றொரு படகு 1907-இல் ஸ்வீடனில் கட்டப்பட்டது. ஷீயெனில் 1828-இல் பிறந்த நாடகாசிரியரின் பெயரைப் பின்னாளில் அதற்குச் சூட்டினார்கள். இரண்டுமே மரத்தரையும் பித்தளைப் பூண்களும் கொண்ட, நன்றாகப் பராமரிக்கப்படும் படகுகள். எது கிடைத்தாலும் ஏறலாம். உட்கார்வதற்குக் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது மட்டும் என் அறிவுரை. மதகு அறைக்குள் படகு நுழைந்துவிட்டால் கீழ்த்தளத்தின் சன்னல்களுக்கு வெளியே ஈரக் கருங்கல் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேல்தளத்தின் முன்பகுதியில் நிற்பவர்களுக்கே முழுக் காட்சியும் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு மதகிலும் அங்கே நெரிசல் ஏற்படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திசையும் முக்கியம். ஊலெஃபோஸிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே சிறந்தது. இறங்கும்போது படகு தாழ்வதைப் பார்க்கலாமே தவிர, ஏறும்போது கிடைக்கும் வியப்பு கிடைக்காது. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 31 மீட்டர் நீளமும் 6.6 மீட்டர் அகலமும் கொண்டது. படகின் பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை முழுதாக விடக்கூட இடம் இருக்காது. பின்னால் இரட்டை மரக்கதவுகள் மூடிக்கொள்ள, முன்னால் உள்ள கதவுகளின் பலகை இடுக்குகளிலிருந்து நீர் மெல்லிய விசிறிகளாகப் பீறிட்டுக் கொண்டிருக்கும். கரையில் நிற்கும் மதகுக்காரர் கைச்சக்கரத்தைச் சுற்றி, மேல்நீரை அறைக்குள் விடும் அடிவாய்களைத் திறந்ததும், படகுக்கு முன்னால் நீர் கொதிப்பதுபோல் பொங்கி எழும். படகு முன்னும் பின்னும் அசையாமலிருக்க ஊழியர்கள் கயிற்றைக் கட்டையில் சுற்றி, மட்டம் உயர உயர இழுத்துச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள். சற்றுமுன் தலைக்கு மேலே இருந்த பாசிக்கோடு இடுப்பளவுக்கு இறங்கி, பிறகு காலடிக்குப் போய், கடைசியில் நீருக்குள் மறைந்துவிடும். கதவின் இருபுறமும் நீர்மட்டம் சமமான பிறகே கதவு அசையும். அதுவரை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது.

இதில் பம்புக்கு வேலையே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலே உள்ள நீர் கீழே இறங்க விரும்புகிறது, அந்த விருப்பத்தைக் கொண்டே படகை மேலே ஏற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான் சூத்திரம். கதவுகளின் வடிவமும் அப்படியே யோசித்துச் செய்யப்பட்டது. இரண்டு இலைகளும் மேல்நீரை நோக்கிக் கூர்முனையாகச் சந்திப்பதால், நீரின் அழுத்தம் கூடக் கூட அவை இறுகிக்கொள்கின்றன. பெரும்பாலான வேலை இன்றும் மனிதக் கையாலேயே நடக்கிறது. பயணியின் பார்வையில் இதுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய தகுதி, ஏனென்றால் நடப்பது ஒவ்வொன்றும் கண்ணுக்கெதிரே நடக்கிறது.

வ்ராங்ஃபோஸ் மதகு இவையெல்லாவற்றிலும் பெரியது. ஐந்து அறைகளும் படிக்கட்டாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கட்டப்பட்டிருப்பதால், ஓர் அறையின் மேல்கதவே அடுத்த அறையின் கீழ்க்கதவாகிறது. படகு ஓரிடத்திலிருந்து வெளியே வராமலேயே 23 மீட்டர் ஏறிவிடுகிறது. ஓர் அறைக்குச் சராசரியாக நான்கரை மீட்டர் என்றால், ஒருமுறை நிரப்புவதற்குத் தொள்ளாயிரம் கனமீட்டருக்கு மேல் நீர் தேவைப்படும். பக்கத்தில் அணையும் நீர்மின் நிலையமும் இருப்பதால் பழைய அருவி இன்று அதன் இயல்பான வடிவில் இல்லை. கால்வாய் வருவதற்கு முன் மேல்காடுகளில் வெட்டிய மரங்களை இந்த அருவிகளின் வழியாகவே கீழே விட வேண்டியிருந்தது. கால்வாய் வந்த பிறகும் மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் தொழில் இந்த நீர்வழியில் நெடுங்காலம் தொடர்ந்து, 2006-இல்தான் நின்றது. அந்த வகையில் இது சுற்றுலாவுக்காகக் கட்டியதல்ல, மரத்துக்காகக் கட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அறைகளின் அளவும் கட்டுமானத்தின் முரட்டுத்தனமும் இன்னும் பொருள்படும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: வ்ராங்ஃபோஸைப் பார்ப்பதற்குப் பயணச்சீட்டே தேவையில்லை. மதகின் ஓரமாக நடந்து ஏறலாம். படகு வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போனால், மேலிருந்து ஐந்து அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புவதை முழுமையாகப் பார்க்கலாம். பொறியியலில் ஆர்வமுள்ளவருக்குக் கரையிலிருந்து பார்ப்பதே கூடுதலாக விளங்கும் என்பது என் கருத்து. படகில் இருப்பவருக்கு ஏறும் உணர்வு கிடைக்கிறது, கரையில் இருப்பவருக்கு ஏற்றும் முறை தெரிகிறது. குழந்தைகளோடு வருபவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஊர்களைப் பொறுத்தவரை ஊலெஃபோஸ் ஒரு நாளுக்கு உரிய இடம். நோமெ நகராட்சியின் தலைமையிடமான இவ்வூரில் 1657-இல் தொடங்கிய இரும்பு வார்ப்பாலை இன்றும் இயங்குகிறது. நார்வேயின் வீடுகளில் எரிந்த வார்ப்பிரும்பு அடுப்புகள் பலவும், வீதிகளில் நாம் மிதித்துச் செல்லும் சாக்கடை மூடிகளும் இங்கே வார்க்கப்பட்டவை. ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய வீட்டு வரிசையான மேல்ஆலைப் பகுதியைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். மேட்டில் ஆலையின் உரிமையாளர்களான ஆல் (Aall) குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வெள்ளை மாளிகை நிற்கிறது. தொழிலாளர் வரிசையைப் பார்த்துவிட்டு மாளிகைக்குப் போவதே முறையான வரிசை. மாற்றிப் போனால் மாளிகை வெறும் அழகாக மட்டுமே தெரியும். இடைக்காலத்துக் கல் தேவாலயம் ஒன்றின் இடிபாடும் ஊருக்கருகே உண்டு.

இந்த ஊரின் உண்மையான சிறப்பு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஃபேன் பகுதி ஏறத்தாழ 58 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட எரிமலையின் வேர். அங்குள்ள, சுண்ணாம்புக்கல்லைப் போன்ற கார்பனேட் பாறைகள் உருகிய குழம்பிலிருந்து உருவானவை என்று நிலவியலாளர் ப்ரோகர் 1921-இல் எழுதியது அன்றைக்குத் துணிச்சலான முடிவு. ஆலைக்குத் தேவையான இரும்புத் தாது 1927 வரை இங்கே வெட்டப்பட்டது. 1953 முதல் 1965 வரை எஃகை வலுப்படுத்தும் உலோகமான நியோபியத்தை எடுத்தார்கள். 2024-இல் வெளியான மதிப்பீட்டின்படி இங்கே 88 லட்சம் டன் அருமண் ஆக்சைடுகள் உள்ளன. ஐரோப்பாவில் இதுவரை அறியப்பட்டவற்றில் இதுவே பெரிய இருப்பு என்கிறார்கள். காற்றாலைக்கும் மின்வண்டிக்கும் வேண்டிய காந்தங்கள் இதிலிருந்து வரலாம். சுரங்கக் கழிவை எங்கே கொட்டுவது, வீடுகளுக்கடியில் எப்படி வெட்டுவது என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. அமைதியான ஓய்விடம் என்ற எண்ணத்தோடு வருபவர் இந்த ஊருக்கு இப்படி ஒரு வருங்காலம் காத்திருப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

லுண்டெயைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கிறது. ஒற்றை அறை மதகு, அதையொட்டிப் புல்வெளி, முகாமிடும் இடம், கடைத்தெரு என்று ஊர் முடிந்துவிடும். ஆனால் ஊலெஃபோஸுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: ஒஸ்லோவிலிருந்து கிறிஸ்டியான்சண்ட் வழியாக ஸ்டாவாங்கர் செல்லும் இரயில் இங்கே நிற்கிறது. ஆகவே பயணத்தை லுண்டெயில் முடித்துக்கொள்வது வசதி. நேரம் மிச்சமிருந்தால் ஷெல்டால் வரை கரையோரமாக நடந்துவிட்டு வரலாம். நீண்ட மரக்கட்டைகளைச் செங்குத்தாக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தும் வைத்தும் நீர்மட்டத்தைச் சீர்செய்யும் பழைய வகை அணை அங்கே இருக்கிறது. பெரிய மதகுகளைப் பார்த்த கண்ணுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். எனக்கு என்னவோ இதுதான் ஆற்றின் மிக நேர்மையான கட்டுமானமாகப் பட்டது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது வேகம்: காரில் அரை மணிக்கும் குறைவான தூரத்துக்குப் படகு சில மணிநேரம் எடுத்துக்கொள்கிறது. இதைக் குறையாக நினைப்பவர் சீட்டு வாங்கவே வேண்டாம். இரண்டாவது, திரும்பி வருவது. காரை ஊலெஃபோஸில் நிறுத்திவிட்டு லுண்டெயில் இறங்குபவர்கள் மீண்டும் காரிடம் வந்துசேர என்ன வழி என்பதை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் மாலையில் அலைய நேரிடும். கிராமப்புறப் பேருந்துகளை நம்பி நேரத்தை நெருக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மிதிவண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் தேசிய மிதிவண்டிப் பாதைகளில் ஒன்று கால்வாயை ஒட்டியே செல்கிறது. படகில் மேலேறி மிதிவண்டியில் கீழிறங்குவதையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். மூன்றாவது வானிலை: மேல்தளம்தான் நல்ல இடம் என்றேன், ஆனால் மழையில் அங்கே நிற்க முடியாது, கீழே போனால் சுவர்தான். மழைச்சட்டை எடுத்துக்கொள்ளாமல் ஏறக் கூடாது.

நார்வேயில் எதுவும் மலிவில்லை. படகுச் சீட்டும் அப்படித்தான், படகின் சிற்றுண்டிச்சாலையும் அப்படித்தான். உணவைக் கையில் கொண்டுபோனால் செலவு ஓரளவு குறையும். படகுகள் கோடைக்காலத்தில் மட்டுமே ஓடுகின்றன. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எல்லா நாள்களிலும் ஓடுவதில்லை என்பதால், தங்குமிடத்தை உறுதிசெய்வதற்கு முன் அந்த ஆண்டின் கால அட்டவணையைப் பார்த்து, ஊலெஃபோஸிலிருந்து மேல்நோக்கிப் புறப்படும் நாளையே தேர்ந்தெடுங்கள்.