மார்லோவில் ஏழு வருடச் சாப்பாடு: ஒன்பது மணிக்கு மேல் பசிக்கக் கூடாது

நான் இருப்பது இங்கிலாந்தில் மார்லோ என்ற சின்ன ஊரில். போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சி, மார்லோல வீடு பாக்குறேன். வெளிய சாப்பாடெல்லாம் எப்படி?" வாட்ஸப்பில் ஒரு வரி பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏழு வருடமாக இந்த ஊரில் காசு கொடுத்துச் சாப்பிட்டவன் என்ற தகுதியில் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தேம்ஸ் கரை, 1832ஆம் வருடத்து வெள்ளைத் தொங்குபாலம், பக்கத்தில் தேவாலயக் கோபுரம். இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். 14,000 பேர் சொச்சம் வாழும் ஊருக்கு இங்கே உணவகங்கள் அநியாயத்துக்கு அதிகம். நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் கையேட்டின் 2012 பதிப்பில் இரண்டு நட்சத்திரம் வாங்கி, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பப் ஆன 'ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்' இங்கே வெஸ்ட் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கிறது. சமையல்கலைஞர் டாம் கெரிட்ஜ் 2005இல் தொடங்கியது. திருமண நாளுக்கு ஒரே ஒரு தடவை போனோம். பிரமாதம். ஆனால் நண்பன் கேட்டது திருமண நாளைப் பற்றி இல்லை, செவ்வாய்க்கிழமை ராத்திரியைப் பற்றி.

அங்கேதான் சிக்கல். இந்த ஊரில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் "சாரி, கிச்சன் மூடியாச்சு".

ஒரு ஜூன் வெள்ளிக்கிழமை. லண்டனில் வேலை முடித்து மெய்டன்ஹெட் வந்தால், மார்லோ வண்டி கண் முன்னால் கிளம்பிப் போகிறது. 'டாங்கி' என்று ஊர்க்காரர்கள் செல்லமாகக் கூப்பிடும் குட்டி ரயில். நடுவில் போர்ன் எண்டில் நின்று, டிரைவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போய், எதிர்ப்பக்கமாக ஓட்டுவார். அடுத்த வண்டிக்குக் காத்திருந்து ஊர் சேர்ந்து, ஆற்றங்கரை பப் ஒன்றில் நுழையும்போது மணி எட்டு ஐம்பது. வெளியே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். ஜூனில் இங்கே சூரியன் ஒன்பதேகாலுக்கு மேல்தான் மறையும். தோட்டம் நிறையக் கூட்டம், சிரிப்பு. கிச்சன் மட்டும் மூடியாச்சு. "கிரிஸ்ப்ஸ் இருக்கு" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண். உப்பும் வினிகரும் போட்ட சிப்ஸ் பாக்கெட்டோடு கரையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாத்து என்னைவிட நன்றாகச் சாப்பிட்டது.

இது ஒருநாள் கூத்து என்று நினைக்காதீர்கள். வார நாளில் எட்டரை, மிஞ்சிப்போனால் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்துக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். திங்கள் சில இடங்களில் கதவே திறக்காது. எந்த வீட்டில் ஐயா ராத்திரிச் சாப்பாட்டை அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள்?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் அதே பெண்ணிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவள் வீடு பக்கத்து ஊரான ஹை விக்கமில், சமையல்காரர் வீடும் அங்கேதான். மார்லோ வாடகை இருவருக்குமே கட்டாது. அடுப்பைத் துடைத்து, தரை கழுவி, பஸ் பிடித்து வீடு சேரப் பதினொன்று ஆகிவிடுமாம். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? பில்லில் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தால் எடுக்கச் சொல்லி முன்பெல்லாம் தகராறு செய்வேன். 2024 அக்டோபரில் வந்த சட்டப்படி அந்தப் பணத்தை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது, முழுவதும் ஊழியர்களுக்குப் போக வேண்டும். அதிலிருந்து வாயை மூடிக்கொண்டு கட்டுகிறேன். பசி மட்டும் அப்படியே இருக்கிறது.

வகை? பலகையில் நாடுகளுக்குக் குறைவில்லை, இத்தாலியன், தாய், இந்தியன் என்று. பப்களில் மட்டும் பெயரை மறைத்து மெனுவைக் கொடுத்தால் எது எந்தக் கடை என்று சொல்ல முடியாது. மீனும் சிப்ஸும், பர்கர், மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை'. சைவம் என்றால் காளான். அவ்வளவுதான்.

ஞாயிறு மதிய ரோஸ்ட் தனிக் கணக்கு. மாட்டிறைச்சி, நெய்யில் முறுகியதுபோல உருளைக்கிழங்கு, மேலே யார்க்ஷர் புட்டிங். பெயரில்தான் புட்டிங், தின்பதற்குப் பணியாரத்துக்கும் ஆப்பத்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். குழிக்குள் கிரேவியை ஊற்றிச் சாப்பிட்டால் சாயங்காலம் வரை பேச்சு வராது. இருபத்திரண்டு பவுண்ட் கொடுத்து ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை.

ஆனால் என்னை உண்மையில் காப்பாற்றியது நான் முதல் வருடம் முழுவதும் கேலி செய்த கடை. வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் நடத்தும் கறி ஹவுஸ், ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கும். மெனுவில் 'மெட்ராஸ்' என்று ஒன்று உண்டு, கோர்மாவுக்கு மேல், விண்டலூவுக்குக் கீழ் என்று காரத்தை அளக்கும் ஒரு படி. மெட்ராஸில் இப்படி ஒரு பதார்த்தமே கிடையாது என்று உரிமையாளரிடம் வகுப்பெடுத்தேன். "தெரியும் பாய், சில்ஹெட்டிலும் கிடையாது" என்றார். அப்புறம் ஒருநாள், மழையில் நனைந்து பத்தரைக்குப் போனபோது, மெனுவை நீட்டாமல் உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று வைத்த மீன் குழம்பும் சோறும். முள்ளோடு. இரண்டு நட்சத்திர மேசையில்கூட நான் விரலை நக்கவில்லை.

நண்பனுக்கு என் பதில்: வராதே. ரெடிங்கில் வீடு பார், ராத்திரி தோசை கிடைக்கிற ஊர்.

"அப்ப நீ ஏன்டா போன மாசம் இன்னும் ரெண்டு வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போட்ட?" என்று கேட்கிறான். ஞாயிறு பன்னிரண்டரைக்கு நான்கு பேருக்கு மேசை சொல்லி வைத்திருக்கிறேன். ரோஸ்ட் தீர்வதற்குள் வந்து சேர், நேரில் சண்டை போடலாம்.