சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு 18 அங்குல வீல்: அளவும் ஆஃப்செட்டும் தேர்ந்தெடுத்த அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 2015 ஆம் ஆண்டு மாடல் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். காருடன் வந்த 17 அங்குல வீல்களைப் பனிக்கால டயர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மாதங்களுக்கென 18 அங்குல அலாய் வீல்களை வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தினேன். இரண்டு செட்டுகளையும் மாற்றி மாற்றி இத்தனை காலம் பயன்படுத்தியதில், நான்கு சக்கர இயக்கம் கொண்ட காருக்கு வீல் வாங்குவது மற்ற கார்களுக்கு வாங்குவதைவிடக் கண்டிப்பான கணக்குக்கு உட்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் மாற்ற முடியாத அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரின் போல்ட் அமைப்பு 5×114.3, அதாவது 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்; வீலைத் தாங்கும் அச்சு முனையான ஹப்பில், வீலின் நடுத்துளைக்குள் நுழையும் பகுதியின் விட்டம் 56.1 மி.மீ.; நட்டின் புரி 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. இடைவெளியும் கொண்டது. 2014 வரையிலான டபிள்யூஆர்எக்ஸ் கார்களில் போல்ட் அமைப்பு 5×100 என்பதால், பழைய மாடலில் இருந்து கழற்றிய வீல்களை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் அவை இதற்குப் பொருந்தாது.

ஆஃப்செட் என்பது வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், வீல் ஹப்பில் வந்து உட்காரும் பரப்புக்கும் இடையிலான தூரம். அது குறையக் குறைய வீல் வெளிப்பக்கம் தள்ளி வரும். ஆனால் அகலம் மாறும்போது ஆஃப்செட் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஹப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று தனித்தனியே கணக்கிட வேண்டும். காருடன் வந்த வீல் 8 அங்குல அகலமும் +55 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்டது. அகலத்தில் பாதி 101.6 மி.மீ. என்பதால், வெளிவிளிம்பு ஹப்பிலிருந்து 46.6 மி.மீ. தூரத்திலும் உள்விளிம்பு 156.6 மி.மீ. தூரத்திலும் இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது 8.5 அங்குல அகலமும் +48 ஆஃப்செட்டும் கொண்ட வீல். இதில் உள்விளிம்பு 155.95 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. ஆகவே ஸ்ட்ரட்டுக்கும் (வீலுக்கு உள்பக்கம் நிற்கும் அதிர்வுத் தாங்கி) வீலுக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய முன்பு இருந்தபடியே இருக்க, வெளிப்பக்கம் மட்டும் 13 மி.மீ. கூடுகிறது. ஃபென்டருக்குள், அதாவது சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் பாடித் தகட்டுக்குள், வீல் பள்ளத்தில் கிடப்பதுபோல் தெரிந்த குறை இந்த அளவிலேயே தீர்ந்துவிட்டது.

இதே காருக்கு 9.5 அங்குல அகலமும் +38 ஆஃப்செட்டும் கொண்ட வீல்கள் இளைஞர்களிடையே பரவலாக விரும்பப்படுகின்றன. அதே கணக்கைப் போட்டால் வெளிவிளிம்பு 36 மி.மீ. வெளியே வருகிறது. நண்பர் ஒருவருடைய காரில் இந்த அமைப்பை ஓட்டிப் பார்த்தேன். பின் இருக்கையில் இருவர் அமர்ந்திருக்கும்போது வேகத்தடையில் இறங்கினால் பின் ஃபென்டரின் உள்மடிப்பில் டயர் உரசும் ஓசை தெளிவாகக் கேட்டது. நெடுஞ்சாலையில் கனரக வண்டிகள் பதித்த தடங்களின் மேல் சென்றபோது ஸ்டீயரிங் தானாக அந்தத் தடத்தின் பக்கம் இழுத்தது. ஆஃப்செட்டை அதிகம் குறைத்தால், திருப்பு அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஸ்டீயரிங்கை உதைப்பதற்கு அதுதான் காரணம். வீல் பேரிங் தாங்கும் சுமையும் கூடுகிறது. ஃபென்டரின் உள்மடிப்பை மடக்கி, கேம்பரைக் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) கூட்டி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. நாள்தோறும் வேலைக்கு எடுத்துச் செல்லும் காருக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

டயர் அளவைப் பொறுத்தவரை 245/40 ஆர்18 எடுத்தேன்; அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 விழுக்காடு, வீலின் விட்டம் 18 அங்குலம். இந்தக் காரின் அதிகத் திறன் கொண்ட வடிவமான, அதே ஆண்டு எஸ்டிஐ மாடலில் சுபாருவே 18 அங்குல, 8.5 அங்குல அகல வீலில் இதே டயரைப் பொருத்தியிருந்ததால், இடம் போதுமா என்ற கவலை எழவில்லை. பழைய 235/45 ஆர்17 டயரின் விட்டம் 643 மி.மீ.; இதன் விட்டம் 653 மி.மீ. வேறுபாடு ஒன்றரை விழுக்காடுதான். 235/40 ஆர்18 எடுத்திருந்தால் விட்டம் ஏறக்குறைய மாறாமலே இருந்திருக்கும். ஆனால் அதன் பக்கச்சுவர் 94 மி.மீ. உயரம்தான், 245/40 டயரிலோ 98 மி.மீ. வசந்த காலத்தில் பனி உருகி, சாலையெங்கும் குழிகள் வாய் பிளக்கும் ஊரில் அந்த 4 மி.மீ. எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

நான்கு சக்கர இயக்கத்தின் கண்டிப்பு வெளிப்படுவது சுற்றளவில்தான். மேனுவல் கியர் கொண்ட இந்தக் காரில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியலும், அந்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங்கும் இருக்கின்றன. கப்ளிங்கின் தகடுகள் சிலிக்கோன் திரவத்தில் மூழ்கியிருக்கின்றன. ஒரு டயர் மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், நேர்ச்சாலையில்கூட அந்தத் தகடுகள் இடைவிடாமல் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, திரவம் சூடேறி, காலப்போக்கில் கப்ளிங் கெட்டுவிடும். நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மி.மீ. வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுறுத்தல். டயரின் தேய்மானத்தில் 1 மி.மீ. வேறுபட்டாலே சுற்றளவில் 6.3 மி.மீ. வேறுபட்டுவிடும். ஆகவே முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று பொருத்தும் பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஒரு வசந்த காலத்தில் சாலைக் குழியில் விழுந்து ஒரு டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 5 மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகளின் ஆழம்) மிச்சமிருந்தது. புது டயரில் 8 மி.மீ. இருக்கும் என்பதால், அதைத் தனியாகப் போட்டால் சுற்றளவு ஏறத்தாழ 19 மி.மீ. வேறுபடும், அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு. புதிது ஒன்று போட்டால் போதும் என்றே கடைக்காரர் சொன்னார். நான் அதை ஏற்காமல், அதே நிறுவனத்தின் அதே மாடலில், அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்றைத் தேடி வாங்கினேன். நான்கிலும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, காரை ஜாக்கியில் தூக்கி, துணி அளவு நாடாவை டயரின் நடுக்கோட்டில் இறுகச் சுற்றி அளந்த பிறகே மனம் அமைதியடைந்தது. முன் டயர்கள் விரைவாகத் தேய்வதால், 10,000 கி.மீ. ஆவதற்குள் முன்பின் மாற்றிவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. என்று பொதுவாக விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் வேண்டும். அலுமினிய வளையங்களைவிடப் பிளாஸ்டிக் வளையங்களையே நான் பரிந்துரைப்பேன். சாலையில் உப்பு தூவும் நாட்டில் அலுமினியம் அரிக்கப்பட்டு ஹப்போடு இறுகிவிடுகிறது. பிளாஸ்டிக்கை விரலாலேயே கழற்றிவிடலாம். வளையம் இல்லாமல் பொருத்தினால் 100 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியும். புது வீல் பொருத்தி 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் கருவி) நட்டுகளை ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

ஓட்டத்தில் உணர்ந்த மாற்றத்தைப் பார்த்தால், வளைவுகளில் கார் முன்பைவிட உடனடியாகத் திரும்புகிறது. மோசமான சாலைகளில் அதிர்வு ஓரளவு கூடியிருக்கிறது. பனிக்காலம் முடிந்து 17 அங்குலத்திலிருந்து 18க்கு மாறும் முதல் வாரத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. இந்த வீல்கள் தேய்ந்தோ வளைந்தோ போனால், அடுத்ததாக 17 அங்குலத்திலேயே 8.5 அங்குல அகலமும் +48 ஆஃப்செட்டும் கொண்ட, எடை குறைந்த வீல்களைத் தேடுவேன். டயர் விலையும் குறையும். குழிகளைத் தாங்கப் பக்கச்சுவரும் கூடுதலாகக் கிடைக்கும்.