ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம்?

தண்டையார்பேட்டையில் பதினேழு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். டெங்கு வந்துபோன பிறகு நாட்பட்ட களைப்பு நோய் ஒட்டிக்கொண்டது, நான்கு வருடங்களாகின்றன. இப்போது 1,500-ஐ முப்பதால் வகுக்கவே காகிதம் தேடுகிறேன். அப்படிப்பட்ட தலையில் இந்த வகுத்தலைக் கட்டிவிட்ட ஒரு நிறுவனத்தின் எண்ணெயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விஜயா எண்ணெய், அதாவது கஞ்சா இலைச் சாற்றில் செய்த ஆயுர்வேத மருந்து. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூத்த, காய்த்த நுனிகளை. தனியாக எடுத்த இலை அதில் வராது. ஆகவே மருத்துவர் சீட்டோடு விற்கிறார்கள். சீட்டை பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். வடசென்னை என்றாலே கையில் பொட்டலத்தோடு ஒருவனை நிறுத்திவிடும் சினிமாக்காரர்களின் புண்ணியத்தில், பார்சலில் இருந்த இலைப் படத்தைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மருத்துவ ஆலோசனை தொலைபேசியில் எட்டு நிமிடம். "இரவில் பத்துச் சொட்டு, காலையில் அரைமணி நேரம் நடங்கள்" என்றார் மருத்துவர். இரவில் நான் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிடுவதை அவர் கேட்கவுமில்லை, நானும் சொல்ல மறந்தேன். இரண்டுமே தூக்கம் தருபவை, இரண்டுமே எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை.

முதல் இரவு பயந்து ஐந்து சொட்டோடு நிறுத்தினேன். நாற்பது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. மீதி ஐந்தையும் விழுங்கினேன். விழுங்கிய எண்ணெய் வேலையைத் தொடங்க ஒன்று, இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்று அப்போது தெரியாது. நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்தவள், கண் இருட்டி, நெஞ்சு படபடக்க, வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் படுத்தபடியே கணக்குப் போட்டேன். லேபிளில் இருப்பது 30 மில்லிக்கு 1,500 மில்லிகிராம் சாறு என்ற ஒரே வரி. அப்படியானால் ஒரு மில்லிக்கு 50. சொட்டுக்குழாயால் எண்ணிப் பார்த்தேன்: மில்லிக்கு 25 சொட்டு. ஆனால் அந்த ஐம்பதில் மயக்கம் தரும் டி.எச்.சி. எவ்வளவு? மூன்று முறை கேட்டு, ஆய்வக அறிக்கை வந்தது: 30. சொட்டுக்கு 1.2. அன்றிரவு நான் குடித்தது 12 மில்லிகிராம். புதிதாகத் தொடங்குபவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 2.5 அல்லது அதற்கும் கீழே.

என் வழக்கமான டாக்டரிடம் இரண்டு மருந்தையும் காட்டிவிட்டு, ஒரு சொட்டில் மறுபடி தொடங்கினேன். ஐந்து நாளுக்கு ஒரு சொட்டு கூட்டி, மூன்றில் நின்றுவிட்டேன். கால் குடைச்சல் பாதியாகக் குறைந்தது. தூக்கம் மூன்று மணியிலிருந்து ஐந்துக்கு வந்தது. களைப்பு மட்டும் இம்மியும் அசையவில்லை.

ஆபத்து அங்கேதான் இருந்தது. வலி இல்லாத ஒரு காலையில் எம்.சி. ரோட்டுக்குப் போய் இரண்டு ஜாக்கெட் துணி எடுத்து, நடந்தே திரும்பினேன். மறுநாளிலிருந்து நான்கு நாள் பல் துலக்கவும் தெம்பில்லை. உழைத்தால் மறுநாள் சரிவதுதான் இந்த நோயின் குணமே. போதும் என்று சொல்ல இருந்த வலியையும் எண்ணெய் அமுக்கிவிட்டது. இந்த நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பே 2021-இல் கைவிட்டது. அரைமணி நேர நடையைச் சொன்னவருக்கு அது எட்டவில்லை போலும்.

2,400 ரூபாய். தூக்கத்துக்காக இன்னொரு பாட்டில் வாங்குவேன். களைப்பு தீரும் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் அச்சிடுங்கள் என எழுதினேன். பதிலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.