முட்டைக்கோஸ் நாற்று: ஜன்னலோரமா, டியூப்லைட் அடியிலா?

சென்னை மாதிரி ஊரில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் வளர்க்க ஒரே ஒரு பருவம்தான் வாய்க்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் லேசான குளிரில் கோஸ் உருண்டு திரள வேண்டுமென்றால் அக்டோபருக்குள் விதை போட்டாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். மொட்டை மாடியில் வைத்த குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டு) ஒரு இரவு மழை கொட்டினால் விதையும் மண்ணும் சிதறிப் போகும். ஆகவே முதல் மூன்று நான்கு வாரம் நாற்று வீட்டுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஜன்னலோரம் வைப்பது, எல்.இ.டி. டியூப்லைட் அடியில் வைப்பது. நான் டியூப்லைட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மண் கலவை, விதைப்பு எல்லாம் இரண்டு வழிக்கும் ஒன்றுதான். நன்றாக அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), கொஞ்சம் மண்புழு உரம், அரை சென்டிமீட்டர் ஆழம். நான்கைந்து நாளில் முளைத்துவிடும்.

முளைத்த பிறகுதான் வித்தியாசமே தெரியும். கோஸ் குடும்பத்து நாற்றுக்கு வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நூல்போல நீண்டு, விதையிலைகளின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். சூடு கூடினால் இந்த நீட்சி இன்னும் வேகமாக நடக்கும். குளிர்நாடுகளில் 'நாற்றைக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே 15 டிகிரி அறை கிடைக்கும், அதனால் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் வளர்ச்சி நிதானமாக இருக்கும். நம் வீட்டு அறை அக்டோபர் இரவிலும் 27, 28 டிகிரியில் நிற்கிறது. சூட்டைக் குறைக்க வழியில்லை என்றால், கூட்டக்கூடியது வெளிச்சம் மட்டும்தான். நான் டியூப்லைட்டைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இது.

ஜன்னலில் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. நேர் வெயில் இரண்டு மூன்று மணி நேரம் வந்தால் பெரிது. எதிரே இன்னொரு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தால் அதுவும் இல்லை. மழை மூட்டம் போட்டால் நான்கைந்து நாள் மங்கலாகவே போகும், அந்த நான்கைந்து நாளிலேயே நாற்று கெட்டுவிடும். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருவதால் தட்டைத் தினமும் திருப்பி வைக்கவும் வேண்டும்.

டியூப்லைட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஊதா வெளிச்சம் தரும் விலை அதிகமான விளக்கும் வேண்டாம். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 20 வாட், நான்கடி, வெள்ளை வெளிச்ச டியூப் இரண்டு போதும். அலமாரித் தட்டின் அடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, கீழே குழித்தட்டை வையுங்கள். இலைக்கும் விளக்குக்கும் நடுவே நான்கைந்து விரற்கடைதான் இடைவெளி இருக்க வேண்டும். இந்த இடைவெளிதான் உயிர். ஒரு அடி உயரத்தில் மாட்டிவிட்டு 'விளக்கு போட்டும் நாற்று நீள்கிறதே' என்று கேட்பவர்கள் நிறைய. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது செடிக்குப் போதாது. எல்.இ.டி. அவ்வளவாகச் சுடாது என்பதால் இலை கருகுமோ என்று பயப்பட வேண்டாம். நாற்று வளர வளர, தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்த செங்கலை எடுத்துத் தட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம். முளை தெரிந்த நாளிலிருந்தே தினம் 14 மணி நேரம் எரிய வேண்டும், இரவில் அணைத்துவிட வேண்டும். இரண்டு டியூபுக்கும் சேர்த்து நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 25 நாளைக்கு 14 யூனிட். ஒரு டைமர் பிளக் வாங்கிவிட்டால் விளக்கைப் போட்டு அணைக்கும் வேலையையும் மறந்துவிடலாம்.

தண்டு அடியில் கறுத்து மடியும் நாற்றழுகல் நோய் இரண்டு இடத்திலும் வரும். மேலே தெளிக்காமல் தட்டுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சவிடுங்கள், சின்ன மின்விசிறியால் காற்றாட வையுங்கள்.

டியூப்லைட்டுக்கும் ஒரு குறை உண்டு. அதன் அடியில் வளர்ந்த நாற்று வெயிலே பார்த்திராது. நேராக மாடியில் கொண்டு வைத்தால் இலை வெளுத்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், பிறகு தினமும் கொஞ்சம் கூடுதலாக என்று ஒரு வாரம் பழக்க வேண்டும். அப்புறம், கிழக்கு பார்த்த திறந்த பால்கனியில் நான்கு மணி நேர வெயில் வருகிறவர்களுக்கு டியூப்லைட் செலவே வேண்டாம். வெள்ளைப் பட்டாம்பூச்சியும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் முட்டையிடாதபடி வலை போட்டால் போதும்.

முட்டைக்கோஸ், நூக்கல் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். காலிஃபிளவரில் எனக்கு அனுபவம் குறைவு. அதன் நாற்று ஓரளவு நன்றாகவே வந்தாலும் பூ பிடிப்பது ரகத்தைப் பொறுத்தது, வெப்பம் தாங்கும் முன்பருவ ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அக்டோபரைத் தவறவிட்டவர்கள் நூக்கலைப் போடலாம். நட்ட இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால், நவம்பர் நடுவில் விதைத்தாலும் மாசி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.