விண்டோஸ் 11 என்று 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, விண்டோஸ் 10க்கு வேஷம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்

நேற்று இரவுதான் விஷயம் தெரிந்தது. ஆறாத கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே நான்கைந்து கடைகளுக்கு டேலி கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். லேப்டாப் 2017இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நெட்பேங்கிங்கும் அடுத்தவர்களின் கணக்கும் இருக்கிற மெஷின் என்பதால் பயந்துபோய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போனேன்.

11 போட எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டுமாமே என்று நானே கேட்டேன். "அதெல்லாம் புது லேப்டாப் விக்கிறதுக்குச் சொல்றதுக்கா. பைபாஸ் பண்ணிப் போட்டுடலாம்" என்றார் கடைக்காரர், அந்தச் சோதனையைத் தாண்டிப் போடலாம் என்ற அர்த்தத்தில். அப்படி ஒரு வழி இருப்பதை நானும் படித்திருந்தேன். அதனால்தான் நம்பினேன். விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். 3,800 ரூபாய் என்றார். பேரம்கூடப் பேசவில்லை.

மாலையில் போனபோது உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருந்தது. ஐகான் எல்லாம் புதுசு. ஜன்னல்களின் மூலைகள் வளைந்திருந்தன. அந்த நீலப்பூ வால்பேப்பரும் இருந்தது. "வின்வெர்" என்று அடித்து, எந்த விண்டோஸ் என்று சொல்லும் பெட்டியைக் காட்டினார்; மேலே 11இன் லோகோ, கீழே 22ஹெச்2 என்ற வெர்ஷன் எண். "பாத்துக்கோங்கக்கா, பக்காவா ஏறிடுச்சு" என்றார். வேறு என்ன சாட்சி வேண்டும்? பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பத்து நாள் கழித்து, நேற்று, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். ஃபைலில் ரைட் கிளிக் செய்தவன், "அத்தை, இது 11 இல்லையே" என்றான். செட்டிங்ஸைத் திறந்தான். 11இல் இடது பக்கம் பட்டியல் வரவேண்டுமாம். இங்கே பழையபடி கட்டம் கட்டமாக ஐகான்கள். வின்வெரில், உண்மையில் எந்த விண்டோஸ் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பில்ட் எண்ணைக் காட்டினான்: 19045. அது விண்டோஸ் 10. 11 என்றால் 22000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 22ஹெச்2 என்ற பெயர் 10க்கும் உண்டு, 11க்கும் உண்டு. அதைத்தான் என் கண்முன்னால் காட்டி ஏமாற்றியிருக்கிறார். லோகோ வெறும் படம், மாற்றிவிட்டார்கள்.

பழைய விண்டோஸைப் புதுசு மாதிரி ஆக்குவது குற்றமில்லை. எக்ஸ்பி காலத்திலேயே விஸ்டா தோற்றத்துக்கு மாற்றும் பேக்குகளை இறக்கி ஆசைக்குப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் இங்கே நடந்தது வேறு. இந்த மாதிரி பேக்குகள் சிஸ்டம் ஃபைல்களையே மாற்றுகின்றன. அப்டேட் வந்தால் பழைய ஃபைல்கள் திரும்பி வந்து வேஷம் கலைந்துவிடும். அது கலையக் கூடாது என்று விண்டோஸ் அப்டேட்டையே முடக்கியிருக்கிறார். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருக்கிறார். பாதுகாப்பு வேண்டும் என்றுதானே ஐயா அங்கே போனேன்? பத்து நாளாகக் கதவே இல்லாத வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கணக்கை எழுதியிருக்கிறேன்.

காலையில் கடைக்குப் போனேன். முதலில் "22ஹெச்2ன்னு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்றார். பில்ட் எண்ணைக் காட்டியதும் "ஓனர் வெளியூர் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க" என்றார். அன்றைக்கு இவர்தான் ஓனர் மாதிரி பேசினார்! வற்புறுத்தியதும் "சாஃப்ட்வேர் வேலைக்கு கேரண்டி கிடையாதுக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். மதியத்திலிருந்து போனை எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. 3,800 ரூபாய். ஒரு கடைக்கு மாதம் முழுக்கக் கணக்கு எழுதினால்கூட எனக்கு அவ்வளவு வராது.

இன்னொன்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது. விண்டோஸ் 10க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நீட்டித்துத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் செலவே இல்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு முன் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் வேறு ஒரு மெஷினிலிருந்து மாற்ற வேண்டும். அதனால் சுருக்கமாக: லோகோவைப் பார்க்காதீர்கள், பில்ட் எண்ணைப் பாருங்கள். அப்டேட் பக்கத்தைத் திறந்து வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அப்புறம், "விண்டோஸ் 11" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது "சாஃப்ட்வேர் – 3,800" என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர்கூட இல்லை.